மூன்றாவது சிலிண்டர்

நவம்பர் 9, ஞாயிறு

சோதனைக்கு அனுப்பிய மூன்று சிலிண்டர்களும் அப்படியே திரும்பி வந்துவிட்டன. சோதனை நிலையத்தில் அவற்றை எடைகூடப் போட்டுப் பார்க்கவில்லையாம். "இவ்வளவு பெயின்ட் இருந்தா அடியில இருக்க இரும்பு எங்களுக்கு எப்படித் தெரியும்? முழுசா எடுத்துட்டுக் கொண்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நியாயமான பேச்சு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

கொழுந்தன் ஜெரோம் ஆட்டோவிலிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து பின்வாசலில் சாய்த்து வைத்தான். "பட்டறையில கொடுத்தா காஸ் வச்சுப் பொசுக்கி ஒரு பொழுதுல எடுத்துருவான், மைனி" என்றான். தீ பட்ட எஃகு பார்க்க அப்படியே இருக்கும், பலம் மட்டும் எங்கே குறைந்தது என்று யாருக்கும் தெரியாது என்றேன். நானே எடுத்துத் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

நாற்காலியில் இருந்த பெர்க்மான்ஸ் சிரித்தார். "இருபத்திரெண்டு வருசமா காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்துதா. இப்பதான் உருப்படியா ஒரு வேலை வந்திருக்கு."

சுருக்கமாகக் குறித்து வைக்கிறேன். என் கணவர் பெர்க்மான்ஸ் இந்தத் தூத்துக்குடிக் கடலில் முப்பது வருடம் சங்கு குளித்தவர். கடந்த மார்ச்சில் ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதில் உடம்புக்குள் காற்றுக் குமிழ் கட்டி, இடது கால் இழுத்துக்கொண்டது. விரல் நுனிகளில் உணர்ச்சி போய்விட்டது. இனி ஆழத்துக்கு இறங்கவே கூடாது என்று மருத்துவர் என் எதிரில்தான் சொன்னார். வாடைக்காற்று ஓய்ந்து ஜனவரியில் தண்ணீர் தெளிந்ததும் இறங்கப் போவதாக பெர்க்மான்ஸ் சொல்கிறார். அதற்குத்தான் முதுகில் கட்டிக்கொள்ளும் இந்த மூன்று காற்றுச் சிலிண்டர்களும்.

போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் சொன்னதைவிட நான் என்ன கூடுதலாகச் சொல்லிவிட முடியும்?

நவம்பர் 12

மழை. பெயின்ட் ரிமூவர் இரண்டு கடையில் இல்லை. மூன்றாவது கடைக்காரர், "காஸ்டிக் சோடாவ கரைச்சு ஊத்துங்க மேடம், எல்லாம் வந்துரும்" என்றார். பெயின்டோடு அடியிலுள்ள துத்தநாகப் பூச்சும் வந்துவிடும் என்று அவரிடம் விளக்கவில்லை. குடை கிழிந்திருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் சிலிண்டரை ஆரம்பித்தேன். மூன்றில் பழையது இதுதான்.

பசை மாதிரி இருக்கும் ரிமூவரைத் தூரிகையால் கனமாகப் பூசி, காய்ந்துவிடாமல் பாலித்தீன் தாளைச் சுற்றி வைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் கொப்பளித்துச் சுருங்கும். மரக்கரண்டியின் காம்பைச் சீவி வைத்துக்கொண்டேன், இரும்பால் சுரண்டினால் கீறல் விழும். மேலே ஆரஞ்சு. அடியில் மஞ்சள். அதற்கடியில் நீலம், மறுபடி மஞ்சள், பச்சை, வெள்ளை. சில இடங்களில் என் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குக் கனம்.

இந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பருவம் தொடங்கும் முன் சிலிண்டர்களுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். பழையதை எடுக்க மாட்டார்கள், அதன் மேலேயே அடிப்பார்கள். போன வருடம் ஆளைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்த பூச்சு, அதை எதற்குச் சுரண்டுவது என்று ஒரு நினைப்பு. புதுப் பெயின்டில் தூரிகையால் முதல் கோடு வீட்டுப் பெண்தான் இழுக்க வேண்டும். கல்யாணமான வருடத்திலிருந்து நான் இழுத்திருக்கிறேன். நம்பி இழுக்கவில்லை. மறுத்துப் பேசுவதைவிட ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவது சுலபம்.

பிளேட்டில் இருந்த புட்டை முடித்துவிட்டு பெர்க்மான்ஸ் காலை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"அந்தப் பச்சை எந்த வருசம் தெரியுமா?"

"தெரியாது."

"நீ உங்க அம்மை வீட்டுக்குக் கோவிச்சுட்டுப் போன வருசம். பச்சைதான் கடையில கெடச்சுது. கோடு இழுக்க ஆளில்லாம அடிச்சேன்."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல. ஆனா பயந்துக்கிட்டே எறங்குனேன்" என்றார்.

நான் சுரண்டிக்கொண்டிருந்தேன். நாற்றத்தில் தலை வலிக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

சிலிண்டரின் அடியில் மாட்டியிருக்கும் ரப்பர் உறை லேசில் கழலவில்லை. வெந்நீர் ஊற்றி, திருகி, கடைசியில் ஜெரோம் வந்து பிடித்து இழுத்தான். உள்ளிருந்து ஈரமான மணலும் உப்பும் கொட்டின. எத்தனை வருட உப்போ. உறையை மாட்டியபடியே பெயின்ட் அடித்ததில் உப்புநீர் உள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கிறது.

அடிப்பக்கத்தைச் சுற்றிலும் குழிகள். அம்மைத் தழும்பு போல. பௌதிகத் துறையிலிருந்து ஆழம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்திருக்கிறேன். வைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்கு இடமில்லை. அனுமதிக்கும் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு. இந்தச் சிலிண்டரைத்தான் அவர் போன மார்ச் வரைக்கும் முதுகில் கட்டியிருந்தார்.

நவம்பர் 24

காலையில் சொன்னேன். நம்பவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். சிலிண்டரைக் கவிழ்த்து, அவர் கையைப் பிடித்துக் குழிகளின் மேல் வைத்தேன். விரல்களை மெதுவாக ஓட்டினார். பெரிய குழி ஒன்றின் மேல் ஆள்காட்டி விரல் நேராக நின்றது.

"இங்கயா?"

"அங்கதான். இப்ப உங்க விரல் அதுக்குள்ள இருக்கு."

அவர் விரலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மழமழன்னுல்லா இருக்கு" என்றார்.

பிறகு, "சரி. நீ சொன்னா சரி. இன்னும் ரெண்டு இருக்குல்லா?" என்றார்.

இரண்டு போதும் அவருக்கு.

டிசம்பர் 2

தேர்வுத் தாள்கள். இரண்டாவது சிலிண்டர் தொடப்படாமல் நிற்கிறது. "எப்ப தொடங்கப் போற?" என்று கேட்டார். வேலை இருக்கிறது என்றேன். உண்மையிலேயே இருக்கிறது.

டிசம்பர் 7, ஞாயிறு

இரண்டாவதில் பாதி முடிந்தது. மஞ்சளும் நீலமும் மட்டும்தான், வேகமாக வருகிறது. நான் வேகப்படுத்தவில்லை.

மதியம் குளியலறையில் பெரிய சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் பெர்க்மான்ஸ் தரையில் கிடக்கிறார். முதுகில் மணல் நிரப்பிய அரிசிப்பை, சிலிண்டர் வாரால் கட்டியிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்து நின்று பழகிப் பார்த்திருக்கிறார்.

"சோப்பு வழுக்கிருச்சு" என்றார்.

சோப்பு அலமாரியில் இருந்தது. வாரைக் கழற்றி, தூக்கி உட்காரவைத்தேன். முழங்கையில் சிராய்ப்பு, டிங்க்சர் போட்டேன். மணலைக் கூட்டி அள்ளினேன். மீன்குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டாவது முழுக்கச் சுத்தமாகிவிட்டது. உறையைக் கழற்றினேன். அடியில் துத்தநாகப் பூச்சு மங்கலான சாம்பல் நிறத்தில் அப்படியே இருக்கிறது. இரண்டு இடத்தில் மட்டும் துருவின் பொட்டு, தேய்த்தால் போய்விடுகிறது. கருவியின் முள் அசையக்கூட இல்லை.

பூதக்கண்ணாடியை எடுத்து வந்து தோள்பட்டையில், கழுத்தில், எண் குத்தியிருக்கும் இடத்தில் எல்லாம் பார்த்தேன். வெயில் சரிந்த பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். மறுபடியும் அடிப்பக்கத்தைப் பார்த்தேன்.

நல்ல சிலிண்டர்.

அவர் கேட்டபோது, மூன்றாவதையும் முடித்துவிட்டு மொத்தமாகச் சொல்கிறேன் என்றேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

மூன்றாவது. ஜெரோம் வந்திருந்தான். படகு தயாராம், ஆள் சேர்ந்தாயிற்றாம். "அண்ணன் மேல இருந்து பாத்துக்கிட்டா போதும்னு சொன்னேன் மைனி. அடிக்க வாராவ" என்றான் மெதுவாக.

பெர்க்மான்ஸுக்குக் காது நன்றாகக் கேட்கும். உள்ளேயிருந்தே கத்தினார். "மேல இருந்து பாக்கதுக்கு நான் என்ன கடற்கரைப் போலீஸாடே?"

அவன் போன பிறகு என் பக்கத்தில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பெயின்ட் சுருள் சுருளாக உதிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராகவே பேசினார். எனக்காகப் பேசினாரா என்று தெரியாது.

"தெருவுல நடந்தா சின்னப் பிள்ளைக்கூட வழி விடுது. பஸ்ஸில எந்திரிச்சு எடம் தாரான். மெடிக்கல்ல க்யூவுல நிக்க விடமாட்டேங்கானுவ. தண்ணிக்குள்ள நான் நொண்டி இல்ல, எளா. அங்க காலுக்கு ஒரு வேலையும் கெடையாது. இடுப்ப அசைச்சாப் போதும். அங்க போனா பழைய ஆளு. அதுக்குத்தான் கேக்கேன். சங்குக்கு இல்ல."

ரிமூவர் கையில் பட்டு எரிந்தது. குழாயடிக்குப் போய்க் கழுவினேன். திரும்பி வந்தபோது அவர் உள்ளே போயிருந்தார்.

டிசம்பர் 25

பூசைக்கு அவர் மட்டும் போனார். எனக்குத் தலைவலி. கேக் யாரோ கொண்டு வந்தார்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு

மூன்றாவதன் அடியில் ஒரே ஒரு வரிசைக் குழிகள் இருந்தன, உறையின் விளிம்பு உரசிய இடத்தில். பார்த்தவுடன் கருவியை எடுக்க உள்ளே போனேன். நடந்து போனேனா ஓடினேனா என்று தெரியவில்லை, கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டது.

ஒவ்வொரு குழியாக அளந்தேன். மிக ஆழமானதுகூட அனுமதிக்கும் அளவில் பாதி இல்லை. தேய்த்து, ப்ரைமர் அடித்து, தாராளமாகப் பயன்படுத்தலாம். சோதனையில் கண்டிப்பாகத் தேறும்.

பெர்க்மான்ஸ் வாசலில் நின்று, "என்ன சொல்லுது?" என்றார்.

"குழி இருக்கு" என்றேன்.

அது உண்மை.

"முதல்ல பாத்தமே, அது மாதிரியா?"

"அது மாதிரிதான்."

"ரெண்டாவது?"

"அதுலயும்."

அவர் வந்து குனிந்தார். காலால் அவ்வளவு குனிய முடியாது, நான்தான் சிலிண்டரைத் தூக்கி மடியில் வைத்துக் காட்டினேன். கையை நீட்டினார். விரல் ஓடியது. பிறகு நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"எங்க?"

அவர் கையை எடுத்து வைத்தேன். எங்கே வைத்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

"தெரியல" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொன்னா சரி."

தட்டிப் பார்க்கவில்லை, சோதனைக்கே அனுப்பிப் பார்ப்போம் என்றும் சொல்லவில்லை. என் வாய் வார்த்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஒரு புட்டி ரிமூவர் மிச்சம் இருக்கிறது.

ஜனவரி 4, ஞாயிறு

வீடு அமைதியாக இருக்கிறது. அவர் தொலைக்காட்சி பார்க்கிறார். நேற்று என்னோடு சந்தைக்கு வந்தார், பையைத் தூக்கிக்கொண்டார். சாளை வாங்கினோம். விலையை இப்படிச் சொல்கிறானே என்று மீன்காரரோடு சண்டை போட்டார், பழைய மாதிரி. "டீச்சர் கூட இருக்காங்கன்னு பாக்கேன்" என்று மீன்காரர் சிரித்தார். வரும் வழியில் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். அப்படி நின்று குடித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்தேன். அவரிடம் சொல்லவில்லை.

மூன்று சிலிண்டர்களையும் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு

மாலையில் ஜெரோம் இரண்டு சிலிண்டர்களைக் கொண்டு வந்து முன்வாசலில் வைத்தான். தெருக்கோடியில் இருக்கும் தொம்மை அண்ணன் இரவல் கொடுத்தவை. அவை இருக்கும் பளபளப்பு! புதுச் சிவப்பு. இன்னும் லேசாகப் பெயின்ட் வாசம் வந்தது. ஜெரோம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணன்தான் கேட்டு வாங்கச் சொன்னாவ, மைனி" என்றான்.

பெர்க்மான்ஸ் உற்சாகமாக இருந்தார். "நம்மளது மூணும் போச்சுன்னா கடல் போயிருமா? நாளைக்குக் காத்து இல்ல. தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்காம்."

நான் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். சோதனைத் தேதி குத்தியிருக்க வேண்டிய இடத்தில் பெயின்ட் அடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை. எண்களின் மங்கலான தடம் மட்டும், போர்வைக்குள் படுத்திருப்பதைப் போல.

"இது கடைசியா எப்ப சோதிச்சது?"

"தொம்மை அண்ணன் பயன்படுத்துததுதானே."

"உள்ள பாத்தீங்களா? வால்வைக் கழட்டி?"

"எல்லாத்தையும் கழட்டிச் சுரண்டி ஆராய்ச்சி பண்ணுனா பங்குனி வந்துரும், டீச்சரம்மா."

"இதைச் சுரண்டிப் பாக்காம போறது சரியில்ல" என்றேன்.

"சிலிண்டர்தானே சரியில்ல? வேற எதுவும் இல்லையே?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். ஜெரோமும் நின்றான்.

சிலிண்டர்தான் என்றேன்.

ஜனவரி 12

விடியும்போது போனார். கல்லூரிக்குப் போனேன். முதல் வருடத்துக்கு வாயு விதிகள். அழுத்தம் குறையும்போது கன அளவு கூடும். கரும்பலகையில் படம் போட்டேன்.

ஜனவரி 15

நடந்ததை ஜெரோம் சொன்னபடி எழுதுகிறேன். நான் அங்கே இல்லை.

முதல் சிலிண்டரில் இறங்கி நன்றாகவே இருந்திருக்கிறார். மேலே வந்து சிரித்துக்கொண்டு பேசியிருக்கிறார். பையில் சங்குகள். இரண்டாவதைக் கட்டிக்கொண்டு மறுபடி இறங்கினார். அடியில் தலைகீழாகக் குனிந்து மணலைக் கிளறியபோது காற்று நின்றுவிட்டது. அந்தச் சிலிண்டரின் உள்சுவர் முழுக்கத் துரு. தலைகீழானதும் அது செதில் செதிலாக உதிர்ந்து வால்வில் அடைத்திருக்கிறது. வெளியே சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்றான் ஜெரோம், அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஒரே மூச்சில் மேலே ஏறியிருக்கிறார். வேறு வழி கிடையாது. படகில் ஏற்றும்போதே இரண்டு காலிலும் உணர்ச்சி இல்லை.

இப்போது தீவிர சிகிச்சையில் இருக்கிறார். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். குமிழைக் கரைக்கும் அழுத்த அறை இருக்கும் ஊருக்குக் கொண்டுபோகும் நிலையில் இல்லையாம். மருத்துவரிடம் கேட்டேன், நல்ல சிலிண்டராக இருந்திருந்தால் இது நடந்திருக்காதா என்று. "அவர் உடம்புக்கு எதுல எறங்கியிருந்தாலும் நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம்" என்றார். லாம், லாம். இதே பதிலை மாணவிகள் எழுதினால் நான் மதிப்பெண் போட மாட்டேன்.

ஜனவரி 31

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி ஒன்றும் இல்லை. கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருக்கிறோம். நான் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பார்க்க வருகிறார்கள். தொம்மை அண்ணன் வந்து கட்டில் காலடியில் நின்று அழுதார். பெர்க்மான்ஸ்தான் அவரைத் தேற்றினார். "உம்ம மேல என்ன தப்பு? எல்லாரும் அப்படித்தானே வச்சிருக்கோம். பெயின்ட் அடிச்சா புதுசுன்னு நெனப்பு. எங்க வீட்டம்மா மட்டும் பாக்கலைன்னா நான் எங்களதைக் கட்டிக்கிட்டுல்லா எறங்கியிருப்பேன்? அது அங்ஙனயே வெடிச்சிருக்கும். காலு போச்சு, ஆள் இருக்கேன். அவ குடுத்த உயிரு."

தொம்மை அண்ணன் என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நான் காப்பி எடுத்துவர உள்ளே போனேன்.

வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்கிறார். நேற்று இரண்டு பேர் தங்கள் சிலிண்டர்களைக் கொண்டு வந்து, "நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டார்கள். சோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு பெர்க்மான்ஸ் சொன்னார்: "நம்ம மூணையும் வெட்டிப் போட்டுரு. எவனாவது எடுத்துப் பெயின்ட் அடிச்சு வித்துருவான். ஒரு உயிரு போயிரக் கூடாது."

பழைய இரும்புக்கே போட்டுவிடலாமே என்றேன். "வெட்டித்தான் போடணும்" என்றார். கழித்த சிலிண்டரை வெட்டித்தான் போட வேண்டும். அவர் சொல்வது சரி.

பிப்ரவரி 12

லேத் பட்டறைக்கு ஜெரோமும் நானும் போனோம். பட்டறைக்காரர் பொன்னுலிங்கம் முதலாவதை முதலில் வெட்டினார். அடிப்பக்கம் சில இடங்களில் பிஸ்கட் போல உதிர்ந்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவதுக்கு ரம்பம் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருந்தது.

"என்ன மேடம் இது, ரம்பத்தைத் திங்குது" என்று சிரித்தார்.

வெட்டிய முகம் சுற்றிலும் ஒரே கனத்தில் வெள்ளி வளையம் மாதிரி மின்னியது. ஜெரோம் பார்த்தான். அவனுக்கு அதில் ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. மேல்பாதியைத் தூக்கி ஸ்பானரால் தட்டினான். பட்டறை முழுக்கக் கணீரென்று கேட்டது. அடங்க வெகுநேரமாயிற்று.

"மைனி, இத நான் எடுத்துக்கிடட்டுமா? நம்ம தெருக் குருசடிக் கோயிலுக்கு மணி இல்லல்லா? கழுத்துல கம்பியப் போட்டுத் தொங்கவிட்டா எவ்வளவு ஜோரா இருக்கும்!"

எடுத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

ஜெரோம் நெற்றியில் சாம்பலோடு வந்து அண்ணனுக்கும் பூசிவிட்டான்.

பிப்ரவரி 20, வெள்ளி

நாற்பது நாள் தபசு காலத்தின் முதல் வெள்ளி. மாலையில் தெருக்காரர்கள் சிலுவைப்பாதைக்குக் குருசடியில் கூடினார்கள். நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்தார். "எந்த மணி அது? நம்ம குருசடியில மணி ஏது?"

ஜெரோம் அப்போதுதான் மெழுகுவர்த்தி வாங்க உள்ளே வந்திருந்தான். பெருமையாகச் சொன்னான்: "நம்மளதுதான் அண்ணே! மூணாவது சிலிண்டர். நான்தான் தொங்கவிட்டேன். சத்தத்தைக் கேட்டீரா?"

மறுபடி அடித்தார்கள். வீட்டுக்குள் பாத்திர அலமாரியில் ஒரு டம்ளர் லேசாக அதிர்ந்தது. பெர்க்மான்ஸ் தலையை ஜன்னல் பக்கம் சாய்த்து, அது முழுக்க அடங்கும்வரை கேட்டார். சிலிண்டரைத் தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய ஆள்.

"அரிச்ச சிலிண்டர் தகரடப்பா மாதிரில்லா கேக்கும்" என்றார்.

"அதான் அண்ணே எனக்கும் ஆச்சரியம்" என்றான் ஜெரோம்.

"நீ போ. செபம் ஆரம்பிச்சிருவாவ."

அவன் மெழுகுவர்த்திகளை எடுத்துக்கொண்டு போனான். பெர்க்மான்ஸ் கூரையைப் பார்த்தபடி இருந்தார். நான் பூண்டை வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ரெண்டாவது?" என்று கேட்டார்.

"அதுவும் நல்லாத்தான் இருந்தது."

வெளியே முதல் நிலையின் பாட்டைத் தொடங்கினார்கள். அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கோபப்படவில்லை.

"போகாதன்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

வெகுநேரம் யோசித்தார். எனக்காகச் சாமர்த்தியமாக ஒரு பதில் தேடவில்லை, உண்மையிலேயே யோசித்தார்.

"தெரியாது" என்றார். "நீ சொல்லலையே."

புண் வராமல் இருக்க அவரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். நேரம் ஆகியிருந்தது. தோளுக்கடியிலும் இடுப்புக்கடியிலும் கை கொடுத்தேன். வழக்கம்போல என் நாற்காலியின் பக்கம் திருப்பப் போனேன்.

"அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார். "சுவத்துப் பக்கம்."

சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்தேன்.